கிரைண்டர்ல வாய் போன கோடாலி, அரம் வச்சு ராவி சரி பண்ண முடியுமா?

கருவைக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பக்கம் எங்க ஊரு, வானம் பாத்த பூமி. நிலம் ரொம்ப வருஷம் சும்மா கெடந்து முழுக்க சீமைக்கருவேலம் மண்டிப் போச்சு. ஜேசிபி விட்டு பெருசையெல்லாம் எடுத்தாச்சு. வரப்பு ஓரம், கெணத்து ஓரம், ஜேசிபி நுழையாத எடத்துல நிக்கிறத நாங்களே கையால வெட்டிட்டு இருக்கோம், வீட்டுக்கு விறகும் ஆச்சு மிச்சத்த கரிமூட்டத்துக்கு கொடுத்துறலாம்னு.

வீட்டுல எங்க அய்யா (தாத்தா) காலத்து கோடாலி ஒண்ணு இருக்கு. திருப்பாச்சேத்தி பக்கம் ஒரு பட்டறையில சொல்லி அடிச்சதுன்னு அப்பா சொல்லுவாரு. தலை மட்டும் ஒண்ணரை கிலோ இருக்கும், காம்பு கருவேலங்கட்டை. அது மழுங்கிப் போச்சுன்னு டவுன்ல ஒரு கடையில சாணை பிடிக்க கொடுத்தோம், பெரிய கிரைண்டர்ல வச்சு பொறி பறக்க தேச்சு அஞ்சு நிமிஷத்துல கையில கொடுத்துட்டாங்க. அப்ப பாக்க பளபளன்னு தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து வெளிச்சத்துல பாத்தா வாயோட நடுவுல ரெண்டு விரக்கடை நீளத்துக்கு ஊதாவும் நீலமுமா ஒரு கறை. மேல் மூலை (கைக்கு தூரமா இருக்குற மூலை) உருண்டு போயிருக்கு, கைப்பக்கத்து மூலை அப்படியே பழையபடி இருக்கு.

இப்ப பிரச்சனை என்னன்னா பச்சை மரத்துலயே இறங்க மாட்டேங்குது. ஓங்கிப் போட்டா தெறிச்சுட்டு வருது, தோள்பட்டை தான் வலிக்குது. நீலம் இருக்குற எடத்துல வாய் ஒரு பக்கமா மடங்கிக்கிது. தம்பி ஐடிஐ ஃபிட்டர் படிக்கிறான், அவன் வெர்னியர்ல அளந்து பாத்தேன், வாயிலேந்து 10 மிமீ பின்னாடி 8 மிமீ தடிப்பு இருக்கு. இது நெறையவா கம்மியா எனக்கு தெரியல.

திரும்ப அந்த கிரைண்டர்கிட்ட கொண்டு போக மனசு வரல. அரம் வச்சு கையாலேயே ராவி சரி பண்ண முடியும்னு கேள்விப்பட்டேன். என்ன அரம் வாங்கணும், எவ்வளவு ராவணும், எந்தப் பக்கமா தள்ளணும், தெரிஞ்சவங்க வெளக்கமா சொல்லுங்க. அய்யாவோட பொருள், பழைய இரும்புக்கு போட முடியாது.

அரமும் மரமும்:

தம்பி, கோடாலிக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. தாராளமா கையாலயே சரி பண்ணலாம், சொல்லப்போனா இந்த வேலைக்கு அரம் தான் சரி. அரத்துல எவ்வளவு வேகமா ராவுனாலும் இரும்பு வெதுவெதுப்புக்கு மேல போகாது, அதனால பதம் (காய்ச்சி முக்கி ஏத்துன கெட்டித்தன்மை) கெடவே கெடாது.

மொதல்ல அந்த நீலம். இரும்பு சூடாகும்போது மேல படியிற நிறம் தான் அது, 220 டிகிரி கிட்ட வைக்கோல் நிறம், 280 கிட்ட ஊதா, 300 தொட்டா நீலம். அந்த எடத்துல பதம் எறங்கிருச்சு, அதனால தான் மடங்குது. ஆனா கிரைண்டர் சூடு மெல்லிசா இருக்குற வாயில தான் ஏறும், பின்னாடி போகப் போக தடிப்பா இருக்குறதால சூடு பரவி ஆறிடும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மிமீ, போனா மூணு மிமீ தான் கெட்டிருக்கும். அத ராவி எடுத்துட்டா பின்னாடி நல்ல எஃகு அப்படியே காத்துட்டு இருக்கு. எவ்வளவு தூரம் கெட்டிருக்குன்னு அரமே சொல்லும், அரத்தோட மூலைய வாயிலேந்து பின்னாடி பக்கமா லேசா அழுத்தி இழுத்து பாருங்க, மெத்துன்னு கடிக்கிற எடம் பதம் போனது, கெட்டியா சன்னமா கடிக்கிற எடம் நல்லது.

ஆனா உங்க மரம் இறங்காததுக்கு காரணம் அந்த நீலம் இல்ல. இத தான் நான் முக்கியமா சொல்ல வர்றேன், தயவு செஞ்சு கவனிங்க. 10 மிமீ பின்னாடி 8 மிமீ தடிப்புன்னா ரெண்டு பக்கமும் சேத்து கோணம் 44 டிகிரி கிட்ட வருது. அது ஆப்புக்கு உண்டான கோணம், வெட்டுற கோடாலிக்கு இல்ல. கருவேலம் மாதிரி கெட்டி மரத்துக்கு 30 டிகிரி போதும், அப்படின்னா அதே 10 மிமீ எடத்துல 5.4 மிமீ தான் இருக்கணும். முருங்கை மாதிரி மெது மரம்னா 25 டிகிரி வரைக்கும் போகலாம், 4.4 மிமீ. நெறைய சாணைக்காரங்க வாய மட்டும் தேச்சு பளபளன்னு ஆக்கி கொடுத்துடுவாங்க, ஒவ்வொரு தடவையும் வாய் பின்னாடி பின்னாடி போயி தடிப்பான எடத்துக்கு வந்துட்டே இருக்கும். கூர் இருக்கும், வெட்டு இருக்காது. அதனால நீங்க ராவ வேண்டியது வாய இல்ல, வாய்க்கு பின்னாடி மூணு விரக்கடை தூரத்துக்கு இருக்குற அந்த தடிப்ப. அத எறக்குனா தான் கோடாலி பழைய கோடாலி ஆகும்.

அரம் ரெண்டு வாங்குங்க. 12 இஞ்ச் தட்டை அரம், இரட்டை வெட்டு (பல்லு வரி ரெண்டு ஒண்ணுக்கொண்ணு குறுக்க போறது), பாஸ்டர்ட் (சொரசொரப்பான பல்லு). அது தடிப்ப எறக்க. இன்னொண்ணு 10 இஞ்ச் ஒத்தை வெட்டு (ஒரே வரி பல்லு) இல்லன்னா செகண்ட் கட் (அத விட சன்னப் பல்லு), அது கடைசியில வழவழப்பாக்க. ஜேகே அரம் எல்லா ஹார்டுவேர் கடையிலயும் கெடைக்கும், நல்லா உழைக்கும். பிடி கட்டாயம் வாங்குங்க, அரத்தோட வால (பிடி மாட்டுற கூர் முனைய) வெறுங்கையில பிடிச்சு ராவுனா ஒரு நாள் இல்ல ஒரு நாள் உள்ளங்கைக்குள்ள போயிரும். அப்புறம் ஒரு பழைய ரப்பர் செருப்புல உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வெட்டி நடுவுல ஓட்டை போட்டு, பிடி மாட்டுறதுக்கு முன்னாடி வால்ல சொருகிடுங்க. கை வழுக்குனாலும் வாய்ல போயி விழாம அது தடுப்பா நிக்கும். தோல் கையுறை இருந்தா அதையும் போட்டுக்கங்க.

ராவுறதுக்கு முன்னாடி துருவ கம்பி பிரஷ் போட்டு சுத்தமா எடுத்துடுங்க, துரு மேல அரத்த போட்டா அரத்தோட பல்லு தான் போகும். தலைய வைஸ்ல அசையாம பிடிக்கணும். வைஸ் இல்லன்னா கனமான பெஞ்சுல சி கிளாம்ப் போட்டு இறுக்கி, வாய் மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்குற மாதிரி வைங்க. அசைஞ்சா கோணம் நிக்காது.

மொதல் வேலை, அரத்த வாய்க்கு நேரா செங்குத்தா வச்சு மடங்குன எடமும் நீலமும் போற வரைக்கும் வாயவே மொட்டையாக்குங்க. மனசு பதறும் பரவால்ல செய்யுங்க. இப்ப வாய மேலேந்து பாத்தா வெளிச்சத்துல வெள்ளையா ஒரு கோடு தெரியும், அது தான் மொட்டை. அடுத்து ரெண்டு பக்கமும் தடிப்ப எறக்கிட்டு வர வர அந்த வெள்ளைக் கோடு மெலிஞ்சுட்டே வரும், எந்த எடத்துல கோடு இன்னும் அகலமா இருக்கோ அந்த எடத்துல அதிகமா ராவணும். முழு நீளத்துக்கும் கோடு ஒரே நேரத்துல மறைஞ்சா வேலை சரியா வந்திருக்குன்னு அர்த்தம். அளவு எப்பவும் புது வாயிலேந்து 10 மிமீ பின்னாடி எடுங்க, பழைய கணக்கு ஒத்து வராது.

அரத்த வாய்ப் பக்கத்துலேந்து உடம்புப் பக்கமா தள்ளுங்க, அப்ப தான் பிசிறு (வாய் ஓரத்துல மடங்கி நிக்கிற மெல்லிசு இரும்பு) கம்மியா வரும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்ப கொண்டு வரும்போது தூக்கிடணும், பின்னாடி தேச்சு இழுத்தா பல்லு உடையும். நல்லா கடிக்குதுன்னா கர்ர் கர்ர்னு ஒரே சத்தம் வரும், கிறீச்சுன்னா வழுக்குதுன்னு அர்த்தம். அரத்து மேல சாக்பீஸ் தேச்சுக்கங்க, இரும்புத்தூள் பல்லுக்குள்ள அடைக்காது. அடைச்சுட்டா கம்பி பிரஷ்ஷ பல்லோட வரி போற வாக்குலயே தேச்சு எடுங்க, அடைச்ச அரத்தோட ராவுனா ஆழமா கீறல் விழும். கோணம் நிக்குதான்னு பாக்க பர்மனென்ட் மார்க்கர்ல அந்த எடம் முழுக்க கருப்படிச்சுட்டு ராவுங்க, எங்க மை போகுது எங்க போகலன்னு பாத்தா அரம் எங்க தொடுதுன்னு தெரிஞ்சுடும்.

ஒண்ணே ஒண்ணு, நடுவுல மூணு விரக்கடை தூரம் எறக்குனா ரெண்டு மூலையிலயும் அவ்வளவு தூரம் எறக்காதீங்க. மூலைக்கு பக்கத்துல தாங்க ஆள் இல்ல, ரொம்ப மெலிஞ்சா அது தான் மொதல்ல உடையும். எறக்குன எடம் விசிறி விரிச்ச மாதிரி வரணும்.

வெல்டிங் பட்டறை:

அண்ணன் சொல்றது எல்லாம் சரி, ஆனா 8 மிமீலேந்து 5 மிமீக்கு கையால ராவணும்னா நேரம் நெறைய ஆகும் ப்ரோ. நான்லாம் ஆங்கிள் கிரைண்டர்ல 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க் (எமரி தாள் அடுக்கி ஒட்டுன சக்கரம்) போட்டு தடிப்ப எறக்கிடுவேன், பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சுக்கிட்டு ரெண்டு தேய்ப்புக்கு ஒரு தடவ முக்கிக்கிட்டே செய்யணும். வெறுங்கையில தொட்டுப் பாத்து சுட்டா நிறுத்திடணும். கண்ணுக்கு கண்ணாடியும் சக்கரத்துக்கு தடுப்பு மூடியும் இல்லாம கிரைண்டர தொடாதீங்க.

அரமும் மரமும்:

வெல்டிங் பட்டறை தம்பி சொல்றத நான் ஒத்துக்கிறேன், வாயிலேந்து ரெண்டு விரக்கடை தள்ளி பின்னாடி எவ்வளவு வேணா ஃபிளாப் டிஸ்க் போடலாம், அங்க கனம் இருக்கு. ஆனா வாய ஒட்டி ரெண்டு விரக்கடைக்குள்ள டிஸ்க் வேணாம். மெல்லிசுல சூடு ஒரு நொடியில ஏறிடும், நிறம் கண்ணுக்கு தெரிஞ்சப்புறம் தண்ணியில முக்கி பிரயோஜனம் இல்ல, கெட வேண்டியது அதுக்கு முன்னாடியே கெட்டு முடிஞ்சிருக்கும். இவருக்கு ஏற்கனவே ஒரு தடவ அப்படி ஆயிருக்கு. பொறுமையா அரத்துலயே செய்யட்டும், ஒரு சாயங்காலம் ஒரு பக்கம், மறுநாள் இன்னொரு பக்கம்னு செஞ்சா கையும் வலிக்காது.

உலைக்களம்:

நாங்க பரம்பரையா கொல்லுப்பட்டறை வச்சிருக்கவங்க, அதனால ஒரு விஷயம் சேத்து சொல்றேன், அரத்த கையில எடுக்கறதுக்கு முன்னாடி இத பாத்துக்கங்க.

இப்ப வர்ற கோடாலி பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில அடிக்கிறது, முழுசும் ஒரே இரும்பு, ராவுனா எஃகு தீந்துடுமோன்னு கவலை இல்ல. ஆனா உங்க அய்யா காலத்து கோடாலின்னா அது எஃகு வச்சு அடிச்சதா இருக்கலாம். உடம்பு முழுக்க தேனிரும்பு (பதம் ஏறாத மெது இரும்பு), வாய்க்கு மட்டும் நடுவுல ஒரு எஃகு துண்ட வச்சு காய்ச்சி ஒட்ட வச்சு அடிப்பாங்க. அன்னைக்கு எஃகு விலை கூட, அதனால வேண்டிய எடத்துக்கு மட்டும் தான் வைப்பாங்க. அந்த மாதிரி கோடாலியில எஃகு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாம பின்னாடி பின்னாடி ராவிட்டே போனா ஒரு கட்டத்துல வெறும் தேனிரும்பு தான் நிக்கும், அதுல எந்த கூரும் நிக்காது.

கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். வாயிலேந்து நாலு விரக்கடை தூரம் வெள்ளையா தெரியிற வரைக்கும் சன்ன அரத்துலயோ எமரி தாளுலயோ தேச்சு, எண்ணெய் பிசுக்கு இல்லாம சோப்பு போட்டு கழுவிட்டு, எலுமிச்சம்பழத்த பாதியா வெட்டி நல்லா தேச்சு விடுங்க. கொஞ்ச நேரம் விட்டு பாருங்க, எஃகு கருத்துப் போகும், தேனிரும்பு வெளுப்பாவே நிக்கும், நடுவுல ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு தெரியும். அந்த கோட்டுக்கும் வாய்க்கும் இருக்குற தூரம் தான் உங்க கோடாலியோட மிச்ச ஆயுசு. கோடே தெரியலன்னா ஒரே இரும்பு. பாத்துட்டு தண்ணியில கழுவி தொடச்சு எண்ணெய் போட்டுடுங்க, புளிப்பு நின்னா துரு பிடிக்கும்.

அந்த நீலத்த பத்தியும் சொல்றேன். நாங்க பதம் பாக்குறதே அந்த நிறத்த வச்சு தான். செவக்க காய்ச்சுன கோடாலிய வாய மட்டும் ரெண்டு விரக்கடை தண்ணியில முக்கி எடுப்போம், உடனே மணல்ல ஒரு தேய் தேச்சு வாய வெள்ளையாக்கிட்டு பாத்துட்டே இருப்போம். உடம்புல மிச்சம் இருக்குற சூடு மெதுவா வாய்க்கு ஏறி வரும், மொதல்ல வைக்கோல் நிறம் ஓடும், அது பின்னாடியே பழுப்பு, அது பின்னாடி ஊதா. ஊதா வாய தொடுற அந்த நேரத்துல முழுசா தண்ணியில போட்டுடணும். ஒரு மூச்சு தாமதிச்சா நீலம் வந்துடும், வாய் மெதுவாயிரும். அந்த கடைக்காரங்க ஊதாவ தாண்ட விட்டுட்டாங்க, அவ்வளவு தான் நடந்தது. பின்னாடி ரெண்டு மிமீல பழைய பதம் அப்படியே இருக்கும்.

பட்டறைக்கு எப்ப கொண்டு வரணும்னா, எஃகு ஒரு விரக்கடைக்கும் கம்மியா மிச்சம் இருந்தா, வாய்ல வெடிப்பு தெரிஞ்சா, இல்ல தேஞ்சு தேஞ்சு கோடாலி ரொம்ப கட்டையா ஆயிருந்தா. அப்ப காய்ச்சி அடிச்சு வாய நீட்டி, திரும்ப பதம் போட்டு தான் ஆகணும், அரத்தால ஆகாது. மத்தபடி அரமே போதும்.

கருவைக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வெளக்கமா சொல்லுவீங்கன்னு நெனக்கல.

எலுமிச்சம்பழம் தேச்சு பாத்தோம். அண்ணன் சொன்ன மாதிரியே கோடு தெரிஞ்சுது, எஃகு வச்சு அடிச்ச கோடாலி தான். நடுவுல ரெண்டு விரக்கடைக்கு கொஞ்சம் மேல எஃகு இருக்கு. அப்பா அத கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு, இத்தன வருஷம் அவரும் இத பாத்ததில்லையாம்.

வாய மொட்டையடிச்சு நீலம் போயிருச்சு, ரெண்டு மிமீல நல்ல எஃகு வந்துருச்சு. ஒரு பக்கம் முழுசா எறக்கிட்டேன், இன்னொரு பக்கம் பாதி. செருப்பு தடுப்பு நல்லா வேலை செய்யுது, மார்க்கரும் அப்படியே. இப்ப ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கைப்பக்கத்து மூலையில அரம் வழுக்குது, கிறீச்சுன்னு சத்தம் மட்டும் வருது தூளே விழல, மத்த எடத்துல நல்லா கடிக்குது. ரெண்டாவது, உருண்டு போன மேல் மூலைய திரும்ப கூர் மூலையா ஆக்கணும்னா வாய் முழுக்க இன்னும் அஞ்சு மிமீ ராவணும் போல, செய்யலாமா?

உலைக்களம்:

மூலை வழுக்குறது சகஜம் தம்பி. பதம் போடும்போது உடம்புச் சூடு மூலைக்கு தான் கடைசியா வந்து சேரும், அதனால அந்த எடம் மத்த எடத்த விட கெட்டியா நின்னுருக்கும். மொதல்ல வேர்வை எண்ணெய் இல்லாம தொடச்சுட்டு, அரத்துல இன்னும் தேயாத புது எடத்த வச்சு அழுத்தி மெதுவா தள்ளி பாருங்க. அப்பவும் வழுக்குனா விட்டுடுங்க, அரம் பாழாயிரும். அந்த மூலைய மட்டும் கார்போரண்டம் கல்லுல தண்ணி விட்டு தேச்சு கொண்டு வாங்க. அந்த மூலைய வச்சு கல்லு மேல மட்டும் அடிச்சுடாதீங்க, பல்லா எகிறும்.

அரமும் மரமும்:

மூலைக்காக அஞ்சு மிமீ எஃகு போக்காதீங்க, தயவு செஞ்சு வேணாம். உங்ககிட்ட இருக்குறது ரெண்டு விரக்கடை, அது உங்க பிள்ளைங்க காலம் வரைக்கும் வரணும். வாய் கொஞ்சம் வளைவா இருக்கறது நல்லது தான், நேரா இருந்தா மரத்துல முழு வாயும் ஒரே நேரத்துல பட்டு தெறிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா வளைஞ்சிருந்தா போதும்.

ஒரு கெட்டி அட்டைய எடுத்து வாய அது மேல வச்சு பென்சிலால வரைஞ்சுக்கங்க, நடுவுல மடிச்சு பாருங்க. ரெண்டு பாதியும் எங்க ஒத்துப் போகலன்னு தெரிஞ்சுடும். கைப்பக்கத்து மூலைய தான் கொஞ்சம் கொஞ்சமா எறக்கி மேல் மூலைக்கு சமமா கொண்டு வரணும், அதுவும் ஒரே நாள்ல இல்ல, இனிமே தீட்டுற ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ரெண்டு தள்ளு கூட, மேல் மூலையில ரெண்டு தள்ளு கம்மின்னு போனா தானா சரியா வந்துடும். மேல் மூலை மெல்லிசா இருக்கறதால சம அளவு ராவுனாலும் அங்க சீக்கிரம் தேயும், உங்க கோடாலி உருண்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரெண்டு பக்கமும் முடிஞ்சதும் ஒத்தை வெட்டு அரத்த ரெண்டு கையாலயும் குறுக்க பிடிச்சு வாய் நீளத்துக்கு இழுத்து விடுங்க, பாஸ்டர்ட் போட்ட கீறல் எல்லாம் போயிரும், கீறல் இருந்தா மரம் பிடிச்சு இழுக்கும். அப்புறம் சாணைக்கல்ல கையில வச்சுக்கிட்டு சொரசொரப்பு பக்கத்துல வட்டம் வட்டமா சுத்தி, அடுத்து சன்னப் பக்கம். கட்ட வெரல வாய்க்கு குறுக்க லேசா தடவி பாருங்க, வாய் நீளத்துக்கு தடவிடாதீங்க. ஒரு பக்கம் பிசிறு தட்டுச்சுன்னா அந்தப் பக்கத்துலயே ரெண்டு சுத்து சுத்துங்க. எந்தப் பக்கமும் தட்டலன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் வேலை நேரத்துல அப்பப்ப கல்லு மட்டும் போதும், அரம் எப்பவாவது தான்.

வரப்பு மேட்டுக்காரி:

நாங்களும் சிவகங்கை பக்கம் கருவை வெட்டுறவங்க தான், அதனால ஒண்ணு சொல்லிக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு ராவுன கோடாலிய தூருக்கு போடாதீங்க. தூர்ல மண்ணும் சரளையும் பட்டையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒரே போடுல வாய் போயிரும். மேல ஒரு முழம் விட்டு நல்ல கோடாலியில வெட்டிருங்க. வெட்டி விட்டா கருவை சும்மா இருக்காது, தூர்லேந்து மறுபடி தழைச்சுக்கும், அதனால சுத்தி கடப்பாரையும் மண்வெட்டியும் போட்டு தோண்டி வேர காட்டிட்டு தான் அறுக்கணும். அந்த வேருக்குன்னு ஒரு பழைய கோடாலி தனியா வச்சுக்கங்க. அதுக்கு 40 டிகிரி இருந்தாலும் பரவால்ல, தடிப்பா இருந்தா தான் கல்லு பட்டாலும் தாங்கும். அந்த மூணு விரக்கடை ராவுற வேலை எதுவும் அதுக்கு வேணாம், சாயங்காலம் பாஸ்டர்ட் அரத்த வச்சு வாய்ல மட்டும் நாலு தள்ளு தள்ளி வச்சா மறுநாளைக்கு போதும்.